பார்வை நரம்பின் படங்கள்

கிளாக்கோமா என்பது பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் செத்துப்போகும் நோய். கண் அழுத்த நோய் என்றும் சொல்வார்கள். விழித்திரை கண்டதை மூளைக்குக் கொண்டுசேர்க்கும் நரம்பிழைகள் ஒரு கண்ணில் ஏறத்தாழ 10 லட்சம் இருக்கின்றன. அவை எல்லாம் கண்ணின் பின்சுவரில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு வட்டத்தில் வந்து கூடி, நுண்துளைகள் கொண்ட ஒரு திசுவின் வழியே மூளையை நோக்கி வெளியேறுகின்றன. அந்த வட்டத்துக்குப் பார்வை நரம்புத் தட்டு என்று பெயர். கண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தம் அந்த இடம் தாங்கும் அளவை மிஞ்சினால், துளைகளின் வழியே செல்லும் இழைகள் நசுங்கிப் பழுதாகின்றன. செத்த இழை மறுபடி முளைப்பதில்லை. சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை ஆகியவை கண்ணின் அழுத்தத்தைக் குறைத்து மிச்சம் இருக்கும் இழைகளைக் காப்பாற்றுகின்றன. போன பார்வையை அவற்றால் மீட்க முடியாது. அதனால் இந்த நோயில் எல்லாமே முன்கூட்டிக் கண்டுபிடிப்பதைப் பொறுத்தது.

கண்டுபிடிப்பதுதான் கடினம். கிளாக்கோமாவின் பொதுவான வகையான திறந்த கோணக் கிளாக்கோமாவில் வலி கிடையாது, கண் சிவப்பதில்லை, நேரே பார்க்கும் பார்வை கடைசிவரை தெளிவாகவே இருக்கும். பக்கப் பார்வையில் ஓட்டைகள் விழும்போது ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடுகட்டிவிடுகிறது. மூளையும் விட்டுப்போன இடத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. படியில் தடுக்கி விழும்போதோ, பக்கவாட்டில் வந்த வண்டி கண்ணில் படாதபோதோதான் நோயாளிக்கு ஐயம் வருகிறது. அதற்குள் நரம்பின் பெரும்பகுதி போயிருக்கும். சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வும், தென் தமிழகத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்திய ஆய்வும் ஒரே உண்மையைச் சொல்லின: நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதுவரை தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. அரவிந்த் ஆய்வில் 40 வயதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய 2.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு வகைக் கிளாக்கோமா இருந்தது.

அழுத்தத்தை அளந்து பார்த்தாலே போதுமே என்று தோன்றலாம். கண்ணின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். ஆனால் 21ஐத் தாண்டியவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. 21க்குள் இருப்பவர்கள் எல்லாரும் தப்புவதுமில்லை. ஜப்பானின் தாஜிமி நகரில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், திறந்த கோணக் கிளாக்கோமா இருந்தவர்களில் 92 விழுக்காட்டினரின் அழுத்தம் 21ஐத் தாண்டவில்லை. கருவிழி மெல்லியதாக உள்ளவர்களுக்குக் கருவி உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டும் என்ற சிக்கலும் உண்டு. ஒரு நரம்பு 24ஐத் தாங்கும், இன்னொன்று 16இலேயே நலியும். ஆகவே நரம்பையே பார்த்தாக வேண்டும்.

உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் பார்க்க 1851 வரை வழியே இல்லாதிருந்தது. அந்த ஆண்டில்தான் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தாம் உருவாக்கிய ஆப்தால்மாஸ்கோப் என்னும் கருவியைப் பற்றி எழுதி வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே அது கிளாக்கோமா நோயாளிகளின் கண்களை நோக்கித் திரும்பியது. 1854இல் வியன்னாவின் எட்வர்ட் யேகர் அப்படிப்பட்ட ஒரு நரம்புத் தட்டை வரைந்து, அது முன்னோக்கிப் புடைத்திருப்பதாக எழுதினார். பெர்லினில் கண் மருத்துவத்தின் தலைமகனாக இருந்த அல்பிரெஷ்ட் ஃபான் கிரேஃபும் அப்படியே கண்டார். இருவரும் கண்டது புடைப்பு அல்ல, குழி. ஈர மணலில் பதிந்த கால்தடத்தின் புகைப்படம் சில நேரம் மேடு போலத் தோன்றுமே, அதே மயக்கம்தான். ஒற்றைக் கண்ணால், ஒரே கோணத்தில் பார்க்கும் கருவியில் ஆழம் தெரியாது. அடால்ஃப் வெபரின் ஆராய்ச்சி இதைச் சுட்டிக்காட்ட, கிரேஃப் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஹைன்ரிஷ் முல்லர் இறந்தவர்களின் கண்களை அறுத்துப் பார்த்து அது குழிதான் என்று உறுதிசெய்தார். ஆழத்தை எப்படி நம்பகமாகக் காண்பது என்ற இந்தக் கேள்விதான் அதன்பின் வந்த கருவிகள் அனைத்தையும் இயக்கியது.

1920களில் ஸ்வீடனின் நோர்டென்சன் வடிவமைத்த விழித்திரைக் கேமராவை ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றும் கிளாக்கோமாவைக் கண்டறிவதற்கான மிக எளிய, மிக மலிவான படம் இந்தக் கேமரா எடுக்கும் வண்ணப் புகைப்படம்தான். அதில் நரம்புத் தட்டு இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள் வட்டமாகத் தெரியும். நடுவில் வெளிறிய குழிவு. அதைச் சுற்றி இழைகள் நெருக்கியடித்துச் செல்லும் விளிம்பு. இழைகள் சாகச் சாக விளிம்பு மெலியும், குழிவு அகலும். தட்டின் விட்டத்தில் குழிவு எத்தனை பங்கு என்பதை 0.3, 0.5, 0.8 என்று எழுதும் வழக்கத்தை 1960களில் மன்சூர் அர்மாலி பரப்பினார். கண் மருத்துவமனைச் சீட்டுகளில் இந்த எண் இன்றும் இருக்கிறது.

இந்த எண்ணைத் தனியாக நம்பினால் ஏமாற்றும். தட்டின் அளவு ஆளுக்கு ஆள் மாறும். பெரிய தட்டு உள்ளவருக்கு 0.7 என்பது பிறவியிலேயே அமைந்த இயல்பான குழிவாக இருக்கலாம். சிறிய தட்டு உள்ளவருக்கு 0.4 கூட நோயின் அடையாளமாக இருக்கலாம். அதனால் அனுபவமுள்ள மருத்துவர் எண்ணைவிட விளிம்பின் வடிவத்தைத்தான் முதலில் பார்ப்பார். நலமான பெரும்பாலான கண்களில் விளிம்பு கீழ்ப்புறத்தில் மிகத் தடிமனாகவும், அடுத்து மேற்புறத்திலும், பிறகு மூக்குப் பக்கத்திலும், காது நோக்கிய பக்கத்தில் மிக மெல்லியதாகவும் இருக்கும். கிளாக்கோமா பெரும்பாலும் கீழ் விளிம்பையோ மேல் விளிம்பையோதான் முதலில் அரிக்கிறது. கீழ்ப்புறத்தில் சிறு வெட்டு விழுந்தாற்போல விளிம்பு மெலிந்திருந்தால், எண் எதுவானாலும் எச்சரிக்கைதான்.

தட்டின் ஓரத்தில் தீற்றல் போலத் தெரியும் சிறு ரத்தக் கசிவு இன்னொரு அடையாளம். கனடாவின் ஸ்டீபன் டிரான்ஸ் இதன் முக்கியத்துவத்தை வலியுறுத்தியதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. சில வாரங்களில் மறைந்துவிடும் இந்தக் கசிவை நேரில் பார்க்கும்போது தவறவிடுவது மிக எளிது. எவ்வளவு எளிது என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. கண் அழுத்தம் மிகுந்தும் நோய் தொடங்காதிருந்த 1,636 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், ஆண்டுதோறும் நரம்புத் தட்டுப் படங்கள் எடுக்கப்பட்டு ஒரு தனி மையத்தில் நிதானமாகப் பார்க்கப்பட்டன. 128 கண்களில் ரத்தக் கசிவு தென்பட்டது. அவற்றுள் மருத்துவர்கள் நேர்ப் பரிசோதனையிலும் கண்டது 21 மட்டுமே; மற்ற 107 படத்தில் மட்டும் அகப்பட்டன. அவர்கள் தேர்ந்த கண் மருத்துவர்கள். கவனக்குறைவு என்று சொல்வதற்கில்லை. கூசும் ஒளியில் அசைந்துகொண்டே இருக்கும் கண்ணைச் சில நொடிகள் பார்ப்பதற்கும், நிலைத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்கும் இருக்கும் வேறுபாடு அது. அதே ஆய்வில் நோய் தொடங்கியவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, பக்கப் பார்வையின் குறையை அளக்கும் பார்வைப் புலச் சோதனை இன்னும் எதையும் காட்டாத நிலையிலேயே தட்டின் படத்தில் மாற்றம் தெரிந்துவிட்டது.

அடுத்த முன்னேற்றம் தட்டுக்கு வெளியே பார்த்ததால் வந்தது. நரம்பிழைகள் தட்டை அடையும் முன் விழித்திரையின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய அடுக்காகப் பரவிச் செல்கின்றன. சிவப்பைத் தவிர்த்த பச்சை ஒளியில் படமெடுத்தால் இந்த அடுக்கு வெள்ளிக் கோடுகளாகத் தெரியும். இழைகள் செத்த இடம் இருண்ட ஆப்பு வடிவமாக விழும். 1970களின் தொடக்கத்தில் வில்லியம் ஹாய்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை விளக்கினார்கள். 1980களில் ஹாரி குவிக்லி, இறந்தவர்களின் பார்வை நரம்பில் இழைகளை எண்ணி, அக்காலப் பார்வைச் சோதனையில் குறை தெரியும் முன்பே இழைகளில் கணிசமான பங்கு அழிந்திருக்கக்கூடும் என்று காட்டினார். அப்படியானால் இந்த அடுக்கின் தடிமனை அளக்க முடிந்தால் நோயை முன்கூட்டியே பிடிக்கலாம் அல்லவா? 1990களில் லேசர் கொண்டு தட்டின் மேடுபள்ளத்தை அளக்கும் ஹைடல்பெர்க் கருவியும், இழைகளின் ஊடே செல்லும் ஒளியின் தளவிளைவு மாற்றத்தை வைத்துத் தடிமனைக் கணிக்கும் ஜி.டி.எக்ஸ். கருவியும் புழக்கத்துக்கு வந்தன. இரண்டையும் இன்று பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டது ஓ.சி.டி.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோவின் ஆய்வுக்கூடத்தில் டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன் உள்ளிட்டோர் உருவாக்கிய இந்த முறை 1991இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. அதற்காக அம்மூவருக்கும் 2023இல் லாஸ்கர் விருது கிடைத்தது. வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேன் ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஓ.சி.டி. ஒலிக்குப் பதிலாகக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை அனுப்புகிறது. ஒளி 10 மைக்ரான் தூரத்தைக் கடக்கும் நேரத்தை எந்த மின்னணுக் கருவியாலும் நேரடியாக அளக்க முடியாது. ஆகவே ஒரே ஒளியை இரண்டாகப் பிரித்து ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றொன்றை ஒரு கண்ணாடிக்கும் அனுப்புகிறார்கள். திரும்பி வரும் இரண்டும் ஒன்றோடொன்று சேரும்போது உண்டாகும் குறுக்கீட்டு அலைகளைக் கொண்டு, எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு ஒளி திரும்பியது என்று கணக்கிடுகிறார்கள். விழித்திரையைக் கத்தி படாமல் குறுக்காக வெட்டிப் பார்த்தது போன்ற படம் கிடைக்கிறது. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, கருவி கண்ணைத் தொடுவதும் இல்லை. 2000களின் தொடக்கத்தில் இருந்த கருவி நொடிக்கு 400 கோடுகளை வருடியது. அந்தப் பத்தாண்டின் முடிவில் வந்த கருவிகள் 20,000க்கு மேல். இப்போது லட்சத்தைத் தொடுபவையும் உண்டு. வேகம் கூடக்கூடக் கண் அசைவதால் வரும் பிழை குறைந்தது.

கிளாக்கோமாவுக்கு ஓ.சி.டி. எடுக்கும்போது கருவி நரம்புத் தட்டைச் சுற்றி ஏறக்குறைய 3.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தில் இழை அடுக்கின் தடிமனை அளக்கிறது. நலமான பெரியவர்களுக்குச் சராசரி 90 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வட்டத்தை விரித்து வரைபடமாக்கினால், இழைகள் மிகுதியாக வரும் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் இரண்டு திமில்கள் எழும். கிளாக்கோமாவில் தாழ்வது இந்தத் திமில்கள்தான். கருவிக்குள் பதிந்துள்ள, நலமானவர்களின் அளவுகளோடு ஒப்பிட்டு அச்சுத்தாளில் மூன்று நிறங்கள் வருகின்றன. அதே வயதுள்ள நலமானவர்களின் இயல்பான எல்லைக்குள் இருந்தால் பச்சை. நூறில் ஐந்து பேருக்கும் குறைவாகவே காணப்படும் மெலிவு என்றால் மஞ்சள். நூறில் ஒருவருக்கும் குறைவு என்றால் சிவப்பு.

நோயாளிகள் அதிகம் கலங்குவது இந்தச் சிவப்பைக் கண்டுதான். அதன் பொருளை நிதானமாகப் புரிந்துகொள்வது நல்லது. சிவப்பு என்பது புள்ளியியல் சொல்லும் செய்தி. நோய் என்ற தீர்ப்பு அன்று. நலமானவர்களிலும் சிலர் அந்த நூறில் ஒருவராக இருக்கத்தான் செய்வார்கள். கிட்டப் பார்வை மிகுதியாக உள்ளவர்களின் கண் நீண்டிருப்பதால், திமில்கள் காதுப் பக்கம் நகர்ந்து நின்று, வழக்கமான இடத்தில் அளவு குறைந்ததாகக் காட்டும். கருவியின் ஒப்பீட்டுத் தொகுப்பில் அப்படிப்பட்ட கண்கள் போதிய அளவில் இருப்பதில்லை. கண்புரை படத்தை மங்கலாக்கும். கண் உலர்ந்திருந்தால் சமிக்ஞை பலவீனமாகும். சில நேரம் மென்பொருள் அடுக்கின் எல்லைக் கோட்டையே தவறாகப் போட்டுவிடும். ஒரு துண்டில் தடிமன் பூச்சியம் என்று வந்தால் அது நோயல்ல, பிழை. எதிர்த்திசை ஆபத்தும் உண்டு. தொடக்கத்தில் 115 மைக்ரான் இருந்தவர் 95க்கு இறங்கினாலும் தாள் பச்சையாகவே இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து அவரை அனுப்பிவிட்டால் நோய் வளர்ந்துகொண்டே போகும். நிறத்தை நம்பி முடிவெடுப்பதைவிட, குறுக்குவெட்டுப் படத்தையே பார்த்து, கோடு சரியாக விழுந்திருக்கிறதா, மறுபடி எடுத்தாலும் குறை அதே இடத்தில் வருகிறதா, தட்டின் தோற்றத்தோடு பொருந்துகிறதா என்று சோதிப்பதே முறை.

விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலாவையும் இப்போது சேர்த்தே அளக்கிறார்கள். பார்வை நரம்பிழைகளைத் தரும் கேங்லியான் செல்களில் ஏறக்குறைய பாதி இந்தச் சிறு பகுதியில்தான் குவிந்திருக்கின்றன. கிளாக்கோமா ஓரத்தை மட்டுமே முதலில் தாக்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மேக்குலாவின் ஓ.சி.டி. படங்கள் அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டன. தொடக்க நிலையிலேயே நடுப்பகுதிக்குக் கீழே சிறு மெலிவு விழுந்திருப்பவர்கள் கணிசமானோர். படிக்கவும் முகம் பார்க்கவும் உதவும் பார்வை அது என்பதால் இந்த அறிவு மிக முக்கியமானது.

ஒற்றைப் படத்தின் பயன் இவ்வளவு. ஓ.சி.டி.யின் உண்மையான வலிமை, ஆண்டுகள் செல்லச் செல்ல எடுக்கும் படங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதில் இருக்கிறது. ஒருவரை ஊராரோடு ஒப்பிடும்போது வரும் குழப்பங்கள், அவரை அவருடைய பழைய கண்ணோடு ஒப்பிடும்போது பெருமளவு நீங்கிவிடுகின்றன. வயது ஆக ஆக யாருக்கும் இழைகள் மெல்லக் குறையும். பத்தாண்டில் சில மைக்ரான் போவது இயல்பு. ஒரே கண்ணை ஒரே நாளில் இருமுறை அளந்தாலும் ஓரிரு மைக்ரான் வேறுபடும். எனவே சராசரியில் சுமார் 5 மைக்ரானுக்கு மேல் குறைந்து, அடுத்த படத்திலும் அந்தக் குறைவு நிலைத்தால்தான் நோய் முன்னேறுவதாக ஐயப்படலாம். கருவி மாறினால் இந்தக் கணக்கு உடைந்துபோகும். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் அடுக்கின் எல்லையை வெவ்வேறு விதமாகக் கணிப்பதால், ஒன்றில் வந்த 82ஐயும் இன்னொன்றில் வந்த 88ஐயும் ஒப்பிட முடியாது.

ஓ.சி.டி.க்கு ஒரு தரைமட்டமும் உண்டு. இழைகள் பெரும்பாலும் செத்த பிறகும், அவற்றைத் தாங்கியிருந்த திசுவும் ரத்த நாளங்களும் எஞ்சுவதால் தடிமன் 50 மைக்ரானைச் சுற்றியே நின்றுவிடும். அதற்குக் கீழே இறங்காது. முற்றிய நோயில் எண் மாறவில்லை என்று மகிழ்வது ஆபத்து. பார்வை இன்னும் சரிந்துகொண்டிருக்கலாம். அந்த நிலையில் கண்காணிக்க உதவுவது நோயாளிகள் ஃபீல்டு டெஸ்ட் என்று சொல்லும் பார்வைப் புலச் சோதனைதான். கிண்ணம் போன்ற கருவிக்குள் பார்த்தபடி, மினுக்கும் ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் அந்தச் சோதனை அலுப்பூட்டுவது. களைப்பாலும் பதற்றத்தாலும் முடிவு ஏறி இறங்கும். ஆனாலும் நோயாளிக்கு உண்மையில் எவ்வளவு பார்வை இருக்கிறது என்பதைச் சொல்வது அது ஒன்றே. தொடக்கத்தில் படமும் முற்றிய நிலையில் ஃபீல்டும் கூடுதலாக உதவுகின்றன. இடைப்பட்ட காலத்தில் இரண்டும் தேவை.

இதுவரை சொன்னது கண்ணின் பின்புறம். முன்புறத்திலும் படத்துக்கு வேலை உண்டு. கண்ணின் நீர் வடியும் வழி, கருவிழியும் அதன் பின்னுள்ள வண்ணத்திரையும் சந்திக்கும் கோணத்தில் இருக்கிறது. சிலருக்கு அந்தக் கோணம் குறுகி அடைபட்டு அழுத்தம் ஏறும். ஆசிய நாடுகளில் இந்த மூடிய கோண வகை மிகுதி, பார்வையைப் பறிப்பதிலும் கொடியது. கோணத்தைப் பார்க்க, கண்ணாடிகள் பதித்த சிறு லென்ஸைக் கண்மேல் வைக்கும் கோனியாஸ்கோபி என்னும் முறையே இன்றும் அடிப்படை. முன்புற ஓ.சி.டி. கண்ணைத் தொடாமல், இருட்டிலும், கோணத்தின் குறுக்குவெட்டைக் காட்டிவிடும். அறையின் வெளிச்சத்தில் திறந்து தெரியும் கோணம் இருட்டில் கண்பாவை விரியும்போது மூடிக்கொள்வதை இதில் கண்ணாரக் காணலாம். வண்ணத்திரைக்குப் பின்னே இருப்பதைக் காண உயர் அதிர்வெண் ஒலி அலைகள் கொண்ட ஸ்கேன் வேண்டும். அங்கே ஒளி ஊடுருவாது.

படங்களைக் கணினியே படித்து ஐயமுள்ளவர்களைப் பிரித்தெடுக்கும் செயற்கை நுண்ணறிவு இப்போது பரவலாகச் சோதிக்கப்படுகிறது. இந்தியாவில் செல்பேசியோடு இணையும் விழித்திரைக் கேமராக்கள் கிராம முகாம்கள் வரை போய்விட்டன. மருத்துவர் எட்டாத ஊர்களுக்கு இது பெரும் உதவி. ஆனால் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. 40 வயதைக் கடந்த 1,000 பேரில் 26 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். கருவி நலமானவர்களில் நூறில் ஐந்து பேரை மட்டுமே தவறாகச் சந்தேகித்தாலும், மீதமுள்ள 974 பேரில் ஏறக்குறைய 49 பேர் வீணாக அச்சத்துக்கு ஆளாவார்கள். உண்மை நோயாளிகளைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. அழுத்தம், கருவிழித் தடிமன், கோணம், குடும்ப வரலாறு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் மருத்துவர் இருந்தால்தான் அந்த 49 பேரும் வாழ்நாள் முழுதும் தேவையில்லாமல் சொட்டு மருந்து போடாமல் தப்புவார்கள்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல். அவர்களும், வெள்ளெழுத்துக்காக முதல்முறை கண்ணாடி வாங்கச் செல்லும் 40 வயதினரும், பார்வை நரம்பையும் பார்த்துச் சொல்லுமாறு மருத்துவரிடம் கேட்க வேண்டும். தட்டின் ஒரு புகைப்படமாவது எடுத்து வைத்துக்கொள்ளலாம். அன்று ஒன்றும் இல்லை என்றாலும் பின்னாளில் ஒப்பிட அதுவே அடிப்படை. ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் ஓ.சி.டி. தாள்களையும் ஃபீல்டு டெஸ்ட் தாள்களையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் வைத்து, ஒவ்வொரு முறையும் கொண்டுசெல்லுங்கள். முடிந்தவரை அதே கருவியில் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மாறும்போது பழைய தாள்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய உங்கள் நரம்பை இனி எந்தக் கருவியாலும் படம் பிடிக்க முடியாது.